உறவுக்காரரின் பங்கு

மகன்,

போன சனிக்கிழமை காலையில், லைக்கோலா ஊருக்கு மேலே மலைக்காட்டில், ஓர் ஓடைச் சரிவில், நான் ஒரு மரையைச் சுட்டேன். பெண் மரை. இங்கே அதைச் சாம்பர் மான் என்கிறார்கள். பின்னேரம் வீட்டுக் கராஜில் வைத்து வெட்டி மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பங்கு போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. மற்றப் பங்கு ஃபிரீசரில் கிடக்கிறது. இந்தக் கடிதம் அந்தப் பங்கைப் பற்றியது.

பாலா அங்கிள் அனுப்பிய, நான் துவக்கோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் எடுத்தாய். சலாம் கூடச் சரியாகச் சொல்லவில்லை. “வாப்பா, ஆர் யூ சீரியஸ்? துவக்கா? உங்களுக்கா?” என்றாய். லைசென்ஸ் எடுத்துத்தான் வாங்கினேன் என்று சொல்லத் தொடங்கினேன். “இட்ஸ் நொட் அபவுட் த லைசென்ஸ். அதக் குடுத்திருங்க. கடையையும் குடுத்திருங்க. வாங்க ஆள் கேட்டுக்கொண்டுதானே இருக்கான்? இங்க வாங்க, வீட்டுக்குப் பின்னால கிரானி ஃப்ளாட் சும்மா கிடக்கு.” அதற்கு நான், “எண்ட சாமானுக்கு நீ ஏலம் கூற வேணாம்” என்றேன். வேண்டாத பேச்சு. வாயை விட்டு வந்துவிட்டது. நீ வைத்துவிட்டாய். பிறகு நான் எடுத்த அழைப்புகளை நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலை அனுப்பிவிட்டு இருந்துவிடுவாய். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். விளங்காத இடங்களை ஷிஃபா வாசித்துச் சொல்லட்டும். உன் மனைவி காயல்பட்டினத்துப் பிள்ளை, தமிழ் உன்னைவிட நன்றாகவே வாசிக்கும்.

முதலில், நீ கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உம்மா மவுத்தாகிவிட்டாள், நீயும் கலியாணம் முடித்து சிட்னிக்குப் போய்விட்டாய், வயது போன மனுஷன் தனிவீட்டில் துவக்கு வைத்திருக்கிறார். உன் பயம் எனக்குத் தெரியும். லைசென்ஸுக்குப் போனபோது டாக்டரும் அதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டார். இல்லை மகன். அந்த எண்ணம் எனக்கு வந்ததில்லை. வந்தால் நேரம் காலம் பார்க்காமல் உனக்கு ஃபோன் எடுப்பேன். நீ எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது தொடங்கியது கடையில். உனக்குத் தெரிந்த அதே கடைதான். டாண்டினோங்கில் நீ பிறந்த வருஷம் நான் திறந்த ஹலால் இறைச்சிக் கடை. பாலா அங்கிள் ஞாயிறு தோறும் ஆட்டிறைச்சிக்கு வருவார். யாழ்ப்பாணத்து மனுஷன், வெள்ளிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு மரக்கறி மட்டும் சாப்பிடுவார், சனிக்கிழமை காட்டில் நிற்பார். அவருக்கு நான் ‘நானா’, எனக்கு அவர் ‘அண்ண’, இரண்டும் ஒரே முறைதான். ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன நானா, எப்ப பாத்தாலும் ஆடும் மாடும். ஒரு மரை இறைச்சி போடக்கூடாதோ?”

“மரையா? இங்க எங்க அண்ண மரை?”

“மலைக்காடு முழுக்க அதுதான். அந்தக் காலத்தில வெள்ளைக்காரன் எங்கட பக்கத்தில இருந்தும் இந்தியாவில இருந்தும் கப்பலில கொண்டந்து விட்டது. விசாவும் இல்லை, ஒண்டும் இல்லை. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தனும் திருப்பி அனுப்பேல்ல.”

“அப்ப நம்மள விட வாசிதான்.”

“எங்க வாசி? வருசம் முழுக்கச் சுடலாம் எண்டெல்லோ சட்டம்.”

இறைச்சி வாங்க நின்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நான் வியாபாரிப் புத்தியில், கிலோவுக்கு என்ன போகும் என்று கேட்டேன். பாலா அங்கிள் தலையை ஆட்டினார். “அதுதானே விசயம். விக்கேலாது. நீங்களாச் சுட்டால் நீங்களாத் தின்னலாம், ஆருக்கும் குடுக்கலாம். ஒரு சதம் வாங்கினால் குற்றம்.” விற்க முடியாத இறைச்சியைப் பற்றி நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. மரை என்ற சொல்லையும் மன்னாரை விட்டு வந்த பிறகு யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த நேரத்தில் என் வாழ்க்கை எப்படி இருந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. கடையை மூடிவிட்டு வருவேன். காரை வாசலில் நிறுத்திவிட்டு, ரேடியோவில் செய்தி முடியும் வரை உள்ளேயே இருப்பேன். பிறகு குசினிக்குப் போய் ஒரு முட்டை பொரிப்பேன். இத்தனை வருஷம் இறைச்சி விற்றவன் வீட்டில் இறைச்சி ஆக்குவதில்லை. ஓர் ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று தெரியவில்லை. ஒருமுறை ஆக்கி, அதையே ஒரு கிழமைக்குச் சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன், வெறுத்துவிட்டது. பகல் முழுக்க ஆட்கள் என்னோடு பேசுகிறார்கள். கால், நெஞ்சு, ஈரல், எலும்போடு, எலும்பில்லாமல். வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் மட்டும் உறுமும்.

அதனால் பாலா அங்கிள் அடுத்த கிழமையும் அதே கதையை எடுத்தபோது, நானும் வாறன் என்றேன். சொன்ன பிறகுதான் உன் நினைவு வந்தது. பத்தாம் வகுப்பில் நீ மோர்டியாலக் பாலத்துக்கு மீன் பிடிக்கப் போவோம் என்று பிடிவாதம் பிடித்தாய். நான் சந்தைக்குப் போய் விளை மீனாகப் பார்த்து வாங்கி வந்து, “இந்தா, போய்ப் பிடிச்சாலும் இவ்வளவு கிடைக்காது” என்று குசினி மேசையில் வைத்தேன். லாபமான வேலை செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். நீ அந்த மீனைச் சாப்பிடவில்லை. வாசி, நல்ல லாபம் என்று உம்மாவும் நானும் சாப்பிட்டோம்.

இனி, புதிதாகத் தொடங்குகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். நீ தொடங்குவாய் என்பதற்காக இல்லை. நான் பைத்தியக்காரத்தனமாகப் போகவில்லை என்று நீ தெரிந்துகொள்வதற்காக. முதலில் பாதுகாப்பு வகுப்பு. என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பையன்கள். பரீட்சையில் நான் அவர்களோடு போட்டிக்கு எழுதிப் பாஸானேன். பிறகு பொலிஸ் லைசென்ஸ், அதற்கு மேல் வேட்டை லைசென்ஸ், அதற்கு நடுவில் பொறுமை. இரும்புப் பெட்டியைச் சுவரோடு சேர்த்துப் பூட்டினேன். தோட்டா வேறு பெட்டியில், திறப்பு என் இடுப்பில். துவக்கு பழையது, நல்லது. புதியது வாங்கச் சொல்லிக் கடைக்காரன் பாடிய பாட்டு எனக்குத் தெரியும், அதே பாட்டை நானும் பாடி விற்றவன்தானே. காசைச் சப்பாத்தில் போடு. மலை ஏறுவது துவக்கில்லை, கால். காட்டுக்குப் போகுமுன் ரேஞ்சில் கிழமைக் கணக்காகச் சுட்டுப் பழகினேன். ஒரு தாளில் ஐந்து தோட்டாவும் ஓரிடத்தில் விழும் வரை பாலா அங்கிள் என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போக மறுத்துவிட்டார். “ஆட்டை வெட்டுற கையும் இதுவும் வேற நானா. இது நடுங்கினால் பாவம், அந்தச் சீவன் ஓடிப்போய் எங்கயாவது கிடந்து சாகும்.”

காட்டில் காற்றுத்தான் முதலாளி. பவுடர் போத்தலைக் கையில் வைத்திருப்பேன், அடிக்கடி ஒரு சிட்டிகை ஊதிப் பார்ப்பேன். காற்று முதுகில் பட்டால் அன்றைய நடை வீண், மரை உன் மணத்தைப் பிடித்துவிட்டுப் போய்விடும். நாம் கடையில் நடப்பது போல் நடக்கக் கூடாது. மூன்று எட்டு, பிறகு நின்று பார்க்க வேண்டும். முழு மரையைத் தேடாதே, காதைத் தேடு, முழங்காலைத் தேடு. பார்த்தது மரைதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் துவக்கைத் தோளில் வைக்கவே கூடாது, அதற்குப் பின்னால் மண் இருக்கிறதா, பாதை இருக்கிறதா என்றும் பார். விழுந்த மரம் ஒன்றைத் தாண்டுவதென்றாலும் தோட்டாவை எடுத்துவிட்டுத் தாண்டு. மற்றது, ஏற்றுக்கூலி. கார் மேலே நிற்க, பள்ளத்தின் அடியில் ஒன்றைச் சுட்டால், அதை மேலே கொண்டுவருவது யார்? விலை பேசுமுன் லொறியைப் பார்க்கிறவன் நான். இருந்தும் இந்தப் பாடத்தை முதுகால்தான் படித்தேன்.

இன்னொரு விஷயம் நமக்கு மட்டும் உள்ளது. மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “தோட்டா விஷயத்தில உலமாக்கள்ட்ட ரெண்டு கருத்து இருக்கு ஹாஜியார்” என்று தொடங்கினார். எனக்கு எது செய்ய வேணும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். “சுடக்குள்ள பிஸ்மி சொல்லுங்க. போய்ப் பாக்கக்குள்ள உசிர் இருந்தா அறுங்க. உசிர் போயிருந்தா... அப்ப வந்து கேளுங்க.” உயிரோடு கைக்குக் கிடைத்தால் மட்டும் சாப்பிடுவது என்று நான் முடிவெடுத்தேன். ஹலால் என்று போர்டு போட்டுச் சம்பாதித்தவன் சந்தேகத்தில் சாப்பிடக் கூடாது.

முதல் தடவை என்ன நடந்தது என்று பாலா அங்கிள் உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்க மாட்டார், மெல்பர்னில் மற்ற எல்லாருக்கும் சொல்லிவிட்டார். கொம்போடு ஓர் ஆண் மரை, மழைக்கு நனைந்து, கறுப்பாக, திறந்த புல்வெளியில் நின்றது. காற்று முகத்தில். எல்லாம் சரி. நான் துவக்கைத் தோளில் வைத்து, மனதை ஒருமைப்படுத்தி, அறுப்பு மடுவத்தில் சொல்வது போல், உரத்த குரலில், “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்!” என்றேன். மரை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு அங்கே மரை இல்லை. பாலா அங்கிள் நிலத்தில் இருந்துவிட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“நானா, நீங்கள் அதைச் சுட வந்தனீங்களோ, தொழுகைக்குக் கூப்பிட வந்தனீங்களோ?”

“வாயால சொல்லணும் அண்ண.”

“சொல்லுங்கோ. அல்லாவுக்குக் காது கேக்குந்தானே, மரைக்கு ஏன் கேக்க வேணும்?”

அதற்குப் பிறகு மூச்சோடு மூச்சாகச் சொல்லப் பழகினேன். வெறுங்கையோடு பல சனிக்கிழமை திரும்பினேன். அட்டை கடித்தது, இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன், உன்னிடம் முதுகுவலி என்று சொன்னது அதுதான். ஆனாலும் போனேன். வீட்டில் யாரும் என்னோடு பேசாதது ஒரு குறை. காட்டில் யாரும் பேசாததுதான் வேலை. இரண்டிலும் நான் தனியாகத்தான் இருந்தேன். காட்டில் அதற்குக் காரணம் இருந்தது.

போன சனிக்கிழமை பாலா அங்கிள் மேட்டுப் பக்கம் போனார், நான் ஓடைப் பக்கம். புல்லில் பனி உறைந்திருந்தது. ஒரு மரத்தடியில் இருந்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பன்னச் செடிகளுக்கு நடுவில் ஒரு காது அசைந்தது. காது, பிறகு கழுத்து, பிறகு தோள். குட்டி கூட நிற்கிறதா என்று பார்த்தேன், இல்லை. உதடு அசையாமல் பிஸ்மி சொன்னேன். சுட்டேன். அது நாலைந்து பாய்ச்சல் பாய்ந்து ஓடைக்குள் விழுந்தது. நான் ஓடினேன், இந்த வயதில், கல்லிலும் தண்ணீரிலும். மூச்சிருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தது. அதை வார்த்தையில் எழுதக் கஷ்டம் மகன். வாழ்நாள் முழுக்க இறைச்சி விற்றிருக்கிறேன். எல்லாம் மடுவத்தில் வேறு ஆட்கள் அறுத்து, தோலுரித்து, கொளுவியில் தொங்கி வந்தவை. இதன் தலையைக் கிப்லா பக்கம் திருப்பினேன், ஃபோனில் சிக்னல் இல்லை, சூரியனைப் பார்த்துத் திசை கணக்கிட்டேன். அறுத்தேன். கை நடுங்கவில்லை. தண்ணீரில் கை கழுவிவிட்டு அப்படியே இருந்தேன். யாருக்காவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. உம்மாவின் நம்பர் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது.

சத்தம் கேட்டு பாலா அங்கிள் இறங்கி வந்தார். பார்த்ததும், “ஐயோ நானா, பொம்பிளை!” என்றார். அவர் பெண் மரையைச் சுடுவதில்லை. வள்ளி மான் வயிற்றில் பிறந்தவளாம், முருகனுக்கு மாமியார் முறையாம். அதனால்தான் அவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார். “அப்ப உங்களுக்குப் பங்கு வேணாமா?” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “சுட்டது நானில்லைத்தானே. சாப்பிடுறதை முருகன் பெரிசா எடுக்கமாட்டார்.” இரண்டு கிழவர்கள் மத்தியானம் வரை தூக்கினோம், இழுத்தோம், இருந்தோம், மறுபடி தூக்கினோம். கார் மேலே நின்றது.

கடைக்குக் கொண்டுபோகக் கூடாது, அது சட்டம். கராஜில் மேசையை விரித்து, என் கத்தியை எடுத்தேன். வெட்டத் தொடங்கினால் கை தானாகப் போகும், அது உனக்குத் தெரியும். முடித்துவிட்டுப் பார்த்தால், ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி போல் மூன்று குவியலாக வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று இல்லாதவர்களுக்கு, ஒன்று உறவுக்காரருக்கு. வேட்டை இறைச்சிக்கு அப்படி ஒரு கடமை இல்லை. கை பழகிவிட்டது. இல்லாதவர்களின் பங்கில் பாலா அங்கிளும் புகுந்துகொண்டார், மிச்சத்தைப் பள்ளிவாசலுக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குக் கொடுத்தேன். உறவுக்காரரின் பங்கைப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு கராஜில் நின்றேன். யாருக்கு? இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு என்னைத் தெரியும். உறவு என்று கதவைத் தட்டிக் கொடுக்க ஒரு வீடு இல்லை. விற்கவும் முடியாது. எந்தச் சரக்காக இருந்தாலும் விலை குறைத்தாவது தள்ளிவிடுகிறவன், அன்றைக்குத் திகைத்துப்போனேன். ஃபிரீசரில் வைத்து மூடினேன். அடுத்த நாள் உன் ஃபோன் வந்தது.

முந்தாநாள் ஷிஃபா எனக்கு ஃபோன் எடுத்தாள். உனக்குத் தெரியாமல்தான், அவளோடு சண்டைக்குப் போகாதே. அவள் துவக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

“மாமா, அந்தக் கறிக்கு என்ன மசாலா போட்டீங்க?”

“மிளகு கூட. மல்லி குறைய. ரெண்டு மணித்தியாலம் அவியணும்.”

“தனியாவா சாப்பிட்டீங்க?”

“பின்ன?”

பிறகு, “எங்க பங்கு எங்க மாமா?” என்றாள். இருக்கிறது என்றேன். “அப்ப நாங்க வர்றோம். ஆனா சும்மா வர மாட்டோம், பேசி முடிச்சுட்டுத்தான் வருவோம். அவரும் பிடிவாதம், நீங்களும் பிடிவாதம்.” என் வீட்டுக்கு மருமகளாக ஒரு வியாபாரி வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கலியாணத்துக்கு மண்டபம் பேசும்போது நான் உன் மாமனாரோடு பேரம் பேசி நேரத்தை வீணாக்கியிருக்கிறேன், இவளோடு பேசியிருக்க வேண்டும். நான் கேட்ட இரண்டை விட்டுத் தந்தாள், அவள் கேட்ட மூன்றை வாங்கிக்கொண்டாள். உன்னைச் சம்மதிக்க வைப்பது தன் பொறுப்பு என்றாள். ஆனாலும் இது உன் காதுக்கு என் வாயால் வர வேண்டும்.

முடிந்த பேச்சு இதுதான். அக்டோபர் நீண்ட வார இறுதிக்கு நீங்கள் இரண்டு பேரும் காரில் வருவது. அதில் ஒரு காலை நீ என்னோடு காட்டுக்கு வருவது. துவக்கைத் தொட வேண்டியதில்லை, என் பின்னால் நடந்தால் போதும், வாய் மட்டும் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நீ கொடுங்கள் என்றால், மறு பேச்சில்லாமல் நான் துவக்கை டீலரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. கடையைப் பற்றி நோன்புப் பெருநாள் வரை இரண்டு பக்கமும் வாய் திறக்காதது. நோன்பு மாதம் முழுக்க நான் சிட்னியில், கிரவீனில் உங்களோடு இருப்பது, கிரானி ஃப்ளாட்டில் இல்லை, உங்கள் வீட்டு அறையில். நான் ஃபோன் எடுத்தால் நீ எடுப்பது. இறைச்சிக்கு விலை இல்லை. கூரியரில் அனுப்புவதில்லை, வந்தவர் கையில்தான். ஐஸ் பெட்டி கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.